பிடுங்கிச் செருகினால் ஓடும் மவுஸ்: லினக்ஸ் மடிக்கணினியில் ஒரு யுஎஸ்பி கோளாறு

புகார் இதுதான். உபுண்டு 22.04 ஓடும் ஒரு மடிக்கணினியில், வயர் உள்ள சாதாரண யுஎஸ்பி மவுஸ் நாளுக்குப் பலமுறை நின்றுபோகிறது. அம்புக்குறி இருந்த இடத்திலேயே நிற்கும். மவுஸை எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. பல நேரம் ஒரு கிளிக் செய்ததும் உயிர் வந்துவிடும். சில நேரம் கிளிக்குக்கும் மசியாது, இரண்டு மூன்று நொடி கழித்துத் தானாகவே ஓடத் தொடங்கும். பிடுங்கி மறுபடி செருகினால் அன்று முழுக்கத் தொந்தரவு வெகுவாகக் குறைந்துவிடும். மறுநாள் காலை இயந்திரத்தைத் திறந்தால் மறுபடியும் அதே.

புகாரோடு வந்த வைத்தியங்களின் பட்டியலும் நீளம். போர்ட்டை மாற்றினார்கள், சரியானது போலிருந்தது, மறுநாள் திரும்பியது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்தார்கள், பலனில்லை. பக்கத்து மேசையிலிருந்து வேறொரு மவுஸை வாங்கிச் செருகினார்கள். மாலை வரை ஒரு குறையும் இல்லை. அப்படியானால் பழைய மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். மறுநாள் காலை அந்த இரவல் மவுஸும் நின்றது.

இந்தக் கடைசித் தகவலில்தான் பாதி விடை இருக்கிறது. எந்த மவுஸ், எந்தப் போர்ட் என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை. இயந்திரம் பூட் ஆகும்போதே செருகியிருந்த மவுஸ் நிற்கிறது. பூட் ஆன பிறகு செருகிய மவுஸ் ஓடுகிறது. மீதிப் பாதி விடை, புகாரிலேயே இருக்கும் இன்னொரு முரணில்: கிளிக் செய்தால் நீங்கும் உறைதல் ஒன்று, கிளிக்குக்கு நீங்காத உறைதல் ஒன்று. இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதால்தான் வாரக்கணக்கில் இழுத்தது. இருந்தவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

மவுஸ் நிற்கிறதா, திரை நிற்கிறதா

எதையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பத்து நொடி போதும். மவுஸ் நின்ற அதே கணத்தில் டச்பேடைத் தொட்டுப் பாருங்கள். டச்பேடால் அம்புக்குறி நகர்ந்தால் டெஸ்க்டாப், கிராபிக்ஸ் ட்ரைவர், நினைவகம் எல்லாம் நலம். கோளாறு மவுஸுக்கும் கர்னலுக்கும் இடையில் இருக்கிறது. டச்பேடும் சேர்ந்து நின்றால் யுஎஸ்பியைத் தோண்டுவது வீண்வேலை. அந்தச் சூழலில் கணினியின் பதிவேடான ஜர்னலில், நிகழ்வுகளைக் கையாள்வது இத்தனை மில்லிநொடி பின்தங்குகிறது, உங்கள் கணினி மிக மெதுவாக இருக்கிறது என்ற பொருளில், மவுஸ், டச்பேட் உள்ளீட்டைக் கையாளும் லிப்இன்புட் ஆங்கிலத்தில் எழுதும் வரி பெரும்பாலும் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். டச்பேட் இல்லாத மேசைக் கணினியில் இன்னொரு மவுஸைச் செருகி அதையே செய்யலாம்.

இங்கே டச்பேட் ஓடியது. உறுதி செய்துகொள்ள ஈவிடெஸ்ட் என்ற சிறு நிரலை நிறுவி, நிர்வாகி அதிகாரம் தரும் சுடோவுடன் இயக்கி, பட்டியலில் மவுஸின் எண்ணைத் தந்தால், ஒவ்வொரு அசைவும் கர்னலுக்கு வந்து சேர்வதை வரிவரியாகக் காட்டும். மவுஸ் நின்றபோது வரிகளும் நின்றன. ஆக, அசைவு கர்னலையே எட்டவில்லை.

அடுத்தது கர்னலின் பதிவேடான லாக். டி எம் இ எஸ் ஜி என்று எழுதி டிமெசேஜ் என்று வாசிக்கும் கட்டளையை, சுடோ சேர்த்து, டபிள்யூ சுவிட்சுடன் ஓடவிட்டால், புது வரி வந்ததும் திரையில் விழும். அதை ஒரு மூலையில் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். கிளிக்கில் நீங்கும் உறைதல் வந்தபோதெல்லாம் லாக்கில் ஒரு வரிகூட விழவில்லை. பலர் இந்த இடத்தில், லாக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த மௌனமே ஒரு தடயம். மவுஸ் துண்டிக்கப்பட்டிருந்தால் கர்னல் சொல்லாமல் இருக்காது. சொல்லவில்லை என்றால் மவுஸ் இணைப்பில்தான் இருக்கிறது. கர்னலே அதைத் தூங்கச் சொல்லியிருக்கிறது. அப்படித் தூங்க வைப்பதை அது வழக்கமாக லாக்கில் எழுதுவதில்லை.

மவுஸைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது. கையை எடுத்துவிட்டு எண்ணினால், சுமார் இரண்டு நொடியில் அணைகிறது. அணைந்த பிறகு மேசைமேல் எப்படி ஆட்டினாலும் எரியவில்லை. இடது பொத்தானை அழுத்தினால் உடனே எரிகிறது, அம்புக்குறியும் நகர்கிறது.

இரண்டு நொடியின் பின்னால் இருப்பது

யுஎஸ்பி சாதனம் சும்மா இருந்தால் அதைத் தூங்க வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதிக்கு ஆட்டோசஸ்பெண்ட் என்று பெயர். எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் என்பதற்குக் கர்னலின் இயல்பு மதிப்பு 2 நொடி. விளக்கு அணைந்த நேரம் அதோடு அப்படியே பொருந்துகிறது.

தூங்கப் போன மவுஸ் ஏன் அசைவுக்கு எழவில்லை? யுஎஸ்பி விதிப்படி, பஸ்ஸில், அதாவது சாதனத்தைக் கணினியோடு இணைக்கும் தடத்தில், 3 மில்லிநொடி எந்தச் சலனமும் இல்லையென்றால் சாதனம் தூக்க நிலைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் அது இழுக்கும் மின்னோட்டம் 2.5 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. சிவப்பு எல்இடியும் அதன் ஒளியில் மேசைப் பரப்பைப் படமெடுக்கும் சென்சரும் முழுமூச்சாக ஓட அது போதாது. ஆகவே மலிவான மவுஸ்கள் சென்சரை அணைத்துவிட்டு, பொத்தான்களை மட்டும் கவனித்துக்கொண்டு கிடக்கின்றன. சில மவுஸ்கள் இடையிடையே ஒரு கணம் கண் திறந்து, பரப்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். அவை அசைவுக்கே எழுந்துவிடும். பயனருக்குத் தெரிவது சின்னத் தடுமாற்றம் மட்டுமே. ஒரே கணினியில் ஒருவருடைய மவுஸ் நிற்பதும் இன்னொருவருடையது நிற்காததும் இதனால்தான்.

இதைக் கர்னலிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். முதலில் மவுஸின் முகவரி தேவை. டிமெசேஜ் வரிகளில் "யுஎஸ்பி 1-4" என்பது போல இருக்கும்: 1 என்பது பஸ், 4 என்பது அதில் உள்ள போர்ட். அதே போர்ட்டில் செருகினால் இது மாறாது. கூடவே வரும் டிவைஸ் எண் வேறு. ஒவ்வொரு முறை இணையும்போதும் அது ஒன்று கூடும். இந்த வேறுபாடு பின்னால் கைகொடுக்கும். முகவரி தெரிந்ததும் /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ்/1-4/பவர் என்ற அடைவுக்குள் போக வேண்டும். அங்கே கன்ட்ரோல் என்ற கோப்பில் "ஆட்டோ" என்று இருந்தது. ரன்டைம்_ஸ்டேட்டஸ் கோப்பை, மவுஸைத் தொடாமல் மூன்று நொடி விட்டுப் படித்தால் "சஸ்பெண்டட்". ஆட்டோசஸ்பெண்ட்_டிலே_எம்எஸ் கோப்பில் 2000.

இதே அடைவில் அதிகம் பேசப்படாத இரண்டு கோப்புகள் உண்டு: கனெக்டெட்_டியூரேஷன், ஆக்டிவ்_டியூரேஷன். முதலாவது சாதனம் இணைந்திருந்த மொத்த நேரம், இரண்டாவது அது விழித்திருந்த நேரம், இரண்டுமே மில்லிநொடியில். தூங்கவே தூங்காத சாதனத்தில் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். மவுஸ் செருகி அரை மணி நேரம் ஆகியிருந்தால் முதல் கோப்பில் 18,00,000 அளவில் இருக்க வேண்டும். இரண்டாவது அதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால், அந்த வித்தியாசம் முழுக்க மவுஸ் தூங்கிய நேரம். உறைதல் நடக்கும்வரை காத்திருக்காமலே குற்றவாளியைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

"ஆட்டோ" என்று எழுதியது யார்

கர்னல் அல்ல. கர்னல் தன் இயல்பில், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்களை மட்டுமே ஆட்டோவில் விடுகிறது. வெப்கேம் போன்ற சிலவற்றை அவற்றின் ட்ரைவரே ஆட்டோவுக்கு மாற்றிக்கொள்ளும். சாதாரண மவுஸுக்கு இயல்பு மதிப்பு "ஆன்", அதாவது தூங்காதே. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் டிஎல்பி என்ற நிரல் மீது பலருக்குச் சந்தேகம் வரும்; ஆனால் அது மவுஸ், கீபோர்டு போன்ற உள்ளீட்டுச் சாதனங்களை இயல்பாகவே விலக்கி வைக்கிறது. தவிர, இந்த மடிக்கணினியில் அது நிறுவப்படவே இல்லை.

இருந்தது பவர்டாப் என்ற இன்னொரு மின்சேமிப்பு நிரல். அதில் ஆட்டோட்யூன் என்ற ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் தந்து இயக்கினால், மின்சாரம் மிச்சமாகும் என்று பவர்டாப் கருதும் எல்லா அமைப்புகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். மவுஸ் என்று பார்த்து விலக்காது. பாட்டரி கூடுதலாக நிற்கட்டும் என்று யாரோ எப்போதோ அதை, பின்னணி நிரல்களை இயக்கும் சிஸ்டம்டியின் ஒரு சேவையாக எழுதி, ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி வைத்திருந்தார்கள். /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் அந்தக் கோப்பு அப்படியே இருந்தது.

காலைப் புதிருக்கும் இங்கே விடை கிடைக்கிறது. ஆட்டோட்யூன் ஓடும் அந்தக் கணத்தில் எந்தச் சாதனங்கள் இணைந்திருக்கின்றனவோ அவற்றின் கன்ட்ரோல் கோப்பில் மட்டும் "ஆட்டோ" என்று எழுதிவிட்டு வெளியேறிவிடுகிறது. காவல் இருப்பதில்லை. பிறகு மவுஸைப் பிடுங்கிச் செருகினால் கர்னல் அதைப் புதுச் சாதனமாகப் பதிவு செய்து, தன் இயல்பான "ஆன்" மதிப்பைத் தருகிறது. அடுத்த பூட் வரை நிம்மதி. போர்ட் மாற்றியதும் இரவல் மவுஸும் வேலை செய்தது போலத் தோன்றியதற்கு வேறு காரணமே இல்லை. பிடுங்கிச் செருகினால் சரியாகிறது என்று கேட்டதும் லூஸ் காண்டாக்ட் என்று நினைக்கத்தான் தோன்றும். இங்கே அந்த நினைப்புதான் ஆட்களை வழிதவற வைத்தது.

திருத்தமும் அதில் உள்ள பொறியும்

முதலில் தற்காலிகமாக "ஆன்" எழுதிச் சோதிக்க வேண்டும். சுடோ எக்கோ ஆன் என்று எழுதி, பெரிது (>) என்ற குறியால் கோப்பை நோக்கித் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். சுடோ எக்கோவுக்குத்தான் அதிகாரம் தருகிறது. கோப்பைத் திறப்பது கட்டளைகளை வாங்கி இயக்கும் உங்கள் ஷெல், அதற்கு அதிகாரம் இல்லை. எக்கோ ஆன், பைப் குறி, சுடோ டீ, பிறகு கோப்பின் பாதை என்று எழுதினால் போதும். எழுதிய நொடியே சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது. ஐந்து நிமிடம் தொடாமல் விட்டாலும் முதல் அசைவிலேயே அம்புக்குறி நகர்ந்தது.

நிரந்தரத் திருத்தத்துக்குப் பரவலாகச் சொல்லப்படுவது, சாதனங்கள் சேர்வதைக் கவனிக்கும் யுடெவ் என்ற நிரலுக்கான விதி: மவுஸின் வென்டர் எண்ணையும் புராடக்ட் எண்ணையும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையால் எடுத்து, அந்தச் சாதனம் சேர்ந்ததும் பவர்/கன்ட்ரோலில் "ஆன்" எழுது என்று ஒரு விதி. இந்த வழக்கில் அது தோற்கும். யுடெவ் விதி, சாதனம் சேரும் கணத்தில் ஓடுகிறது. பவர்டாப் சேவை அதற்குப் பின்னால் வந்து "ஆட்டோ" என்று மேலெழுதிவிடுகிறது. விதி எழுதியும் சரியாகவில்லை என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர் இந்த வரிசைக் குழப்பத்தில் சிக்கியவர்களே.

சரியான இடம் அந்தச் சேவைக் கோப்புதான். அதில் டைப் ஒன்ஷாட் என்று இருக்க, எக்செக்ஸ்டார்ட் வரிக்குக் கீழே எக்செக்ஸ்டார்ட்போஸ்ட் என்று ஒரு வரி சேர்த்தால், ஆட்டோட்யூன் முடிந்தபின் அது ஓடும். அந்த வரியில் ஒரு சிறு ஷெல் சுற்று: /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/ட்ரைவர்ஸ்/யுஎஸ்பிஹெச்ஐடி அடைவுக்குள், பெயரில் முக்காற்புள்ளி உள்ள ஒவ்வொரு இணைப்பையும் எடுத்து, அதன் மேலடைவில் இருக்கும் பவர்/கன்ட்ரோல் கோப்பில் "ஆன்" எழுத வேண்டும். இதில் நல்ல விஷயம், வென்டர் எண் எதுவும் தேவையில்லை. எந்த மவுஸ், எந்தக் கீபோர்டு செருகியிருந்தாலும் பொருந்தும். மற்றச் சாதனங்களுக்குப் பவர்டாப் செய்யும் மிச்சமும் கெடாது. கோப்பைத் திருத்தியபின் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுத்து, மவுஸ் செருகிய நிலையிலேயே மறுபடி பூட் செய்து பார்க்க வேண்டும். பூட் ஆனபின் செருகிச் சோதித்தால் கோளாறு இருந்தாலும் தெரியாது.

யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 என்ற கர்னல் அளவுருவையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது எல்லாச் சாதனங்களின் தூக்கத்தையும் பறித்துவிடும். மேசைக் கணினியில் பரவாயில்லை, மடிக்கணினியில் பாட்டரிக்குக் கேடு. அதைப் பயன்படுத்தினாலும், உபுண்டுவில் யுஎஸ்பிகோர் கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் கர்னலில் பின்னால் ஏற்றப்படும் தொகுதிகளுக்கான மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் எழுதினால் எடுபடாது. பூட்டின்போது கர்னலை ஏற்றும் கிரப் வழியாகக் கர்னல் கட்டளை வரியில்தான் தர வேண்டும்.

மிச்சமிருந்த உறைதல்

திருத்தத்துக்குப் பிறகு கிளிக்கில் நீங்கும் உறைதல் முற்றாக நின்றது. பழைய மவுஸ் மறுபடி மேசைக்கு வந்தது. ஆனால் இடையிடையே இன்னொன்று தொடர்ந்தது: மவுஸை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே நிற்பது, கிளிக்குக்கும் எழாதது. இப்போது லாக் மௌனமாக இல்லை. "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்றொரு வரி, உடனே "நியூ லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்" என்றொரு வரி, சில நேரம் நடுவே, சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரமான டிவைஸ் டிஸ்கிரிப்டரைப் படிக்கையில் பிழை -71. டிவைஸ் எண் காலையில் 5, மாலையில் இருபதைத் தாண்டியிருந்தது.

பிழை எண்கள் அர்த்தமுள்ளவை. -71 என்றால் நெறிமுறைப் பிழை: பதில் சிதைந்து வந்தது அல்லது வரவே இல்லை, அதாவது வயரில் சந்தேகம். -110 என்றால் காத்திருந்து காலம் முடிந்தது. கர்னல் ஒவ்வொரு முயற்சிக்கும் 5 நொடி வரை காத்திருப்பதால், -110 வரும் கோளாறில் மவுஸ் பத்து, பதினைந்து நொடிகூட நிற்கும். இங்கே -71 மட்டுமே வந்தது, உறைதலும் குறுகியது. துண்டிப்புக்குப் பிறகு இணைப்பு 100 மில்லிநொடி ஆடாமல் இருக்கிறதா என்று கர்னல் பார்க்கும், போர்ட்டை ரீசெட் செய்யும், முகவரி தரும், டிஸ்கிரிப்டர் படிக்கும், பின்னர் டெஸ்க்டாப் அதை ஏற்கும். இதெல்லாம் சேர்ந்துதான் பயனர் காணும் ஒன்றிரண்டு நொடி.

துண்டிப்புகளின் நேர இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் போலச் சீராக வந்தால் அது வயர் அல்ல. யாரும் படிக்காமல் விட்டால் தானாகவே துண்டித்து மறுபடி இணையும் மவுஸ்கள் உண்டு. பிக்ஸ்ஆர்ட் சென்சர் கொண்ட பல மாதிரிகள் இதற்காகவே கர்னலின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. டெஸ்க்டாப் இல்லாமல் வெறும் கன்சோலில் ஓடும் கணினிகளில்தான் இது தெரியும். போர்ட்டை ஹப் முடக்கியது என்று சொல்லி, பக்கத்தில் இஎம்ஐ (மின்காந்தக் குறுக்கீடு) என்று கேள்விக்குறியோடு வரி வந்தால், மின்விசிறி, மோட்டார், எர்த் இல்லாத பிளக் பக்கம் பார்வை போக வேண்டும். யுஎஸ்பி போர்ட்களை இயக்கும் எக்ஸ்ஹெச்சிஐ கன்ட்ரோலரே செத்துவிட்டது என்று வந்தால் அந்த பஸ்ஸில் உள்ள எல்லாமே நிற்கும், மவுஸ் மட்டும் அல்ல. வயர்லெஸ் மவுஸ் என்றால் ரிசீவர் பக்கத்தில் யுஎஸ்பி 3.0 டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது, ரிசீவரை ஒரு நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைத்தாலே போதும்.

இங்கே இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தது, கை அசைவோடு ஒட்டி வந்தது. டிமெசேஜைத் திரையில் ஓடவிட்டு, மவுஸை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் கேபிளைப் பிளக்கிலிருந்து தொடங்கி ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக வளைத்துக்கொண்டே வர வேண்டும். பிளக் பக்கம் ஒன்றும் இல்லை, நடுவிலும் இல்லை. மவுஸுக்குள் நுழையும் ரப்பர் கழுத்தை இடப்புறம் வளைத்ததும் "டிஸ்கனெக்ட்" வரி விழுந்தது. விட்டதும் இணைந்தது. வழக்கமாக வயர் அறும் இடமும் அதுதான். நாள் முழுக்க மடங்குவது அந்த மூன்று சென்டிமீட்டர்தான்.

அறுந்தது எந்த வயர் என்று மல்டிமீட்டரில் பார்த்தால் தெரியும். யுஎஸ்பி-ஏ பிளக்கில் ஓரங்களில் உள்ள இரண்டு நீளத் தகடுகள் 5 வோல்ட்டும் கிரவுண்டும். நடுவில் சற்றுக் குட்டையான இரண்டும் டேட்டா மைனஸ், டேட்டா பிளஸ். விதிப்படி நிறங்கள் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. ஆனால் மலிவு மவுஸ்களில் நிறத்தை நம்ப வேண்டாம், தகட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பீப் ஒலியைவிட ஓம் அளவே நல்லது. நொடிப்பொழுது அறுந்து சேர்வதைப் பீப் தவறவிடும். நல்ல வயர் ஓரிரு ஓமுக்குள் நிலையாக நிற்கும். இங்கே டேட்டா மைனஸ் வயர், கழுத்தை வளைத்தபோது முடிவிலி மதிப்புக்குத் தாவியது.

அறிகுறியும் இதோடு பொருந்துகிறது. லோ-ஸ்பீட் மவுஸ் தான் இருப்பதைக் காட்டுவது டேட்டா மைனஸில் உள்ள 1.5 கிலோஓம் மின்தடை வழியாகத்தான். அந்த வயர் சில மைக்ரோநொடி அறுந்தாலே போர்ட், சாதனம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறது. மறுபுறம் மவுஸ், பஸ்ஸில் சலனமே இல்லையே என்று தானாகத் தூங்கப் போகலாம். அப்போது சிவப்பு விளக்கும் அணையும். விளக்கை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறையும் முந்தையதையும் பிரிக்க முடியாது. லாக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிரியும்.

பழுது பார்ப்பது எளிது, செய்யத் தகுந்ததும்கூட. அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே திருகு இருக்கும். உள்ளே கேபிள் ஒரு சிறு கனெக்டரில் முடிகிறது. அதை விட்டு மூன்று சென்டிமீட்டர் வாலை வைத்துக்கொண்டு, கழுத்தையும் அதற்கு வெளியே இரண்டு மூன்று சென்டிமீட்டரையும் சேர்த்து வெட்டி எறிய வேண்டும். வயர் இழைகளுக்குள் நூல் ஓடினால் அதை முதலில் வெட்டிவிடுங்கள். நூல்மேல் ஈயம் ஒட்டாது. நான்கு இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் படிப்படியாகத் தள்ளிச் சாலிடர் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கும் குழாய், போட வேண்டும். குழாயைச் சாலிடருக்கு முன்பே வயரில் கோத்துவிடுங்கள். கழுத்து போய்விட்டதால், உள்பக்கம் கேபிளில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கினால் அது துளையில் மாட்டி, இழுவை சாலிடர்மேல் விழாமல் தாங்கும்.

மூடிச் செருகி, நான்கு பக்கமும் வளைத்துப் பார்த்தபோது லாக்கில் புது வரி எதுவும் விழவில்லை. மவுஸைச் செருகியபடியே பூட் செய்த மறுநாள், மாலை வேலை முடியும்போதும் டிவைஸ் எண் காலையில் இருந்த அதே 5தான்.